ஒட்டுப்பால் எடை

குலசேகரம் சந்தைக்குத் திரும்புகிற வளைவில்
என் கடை.
ஷீட் வாங்குவேன், ஒட்டுப்பால் வாங்குவேன்.
யார் தோட்டத்து மரம் என்று கேட்பது
தராசின் வேலை இல்லை.

சஜின் முதலில் கொண்டுவந்தது சுத்தமான பால்.
சிரட்டையின் அடிவளைவு அப்படியே பதிந்த
வெள்ளைக் கட்டிகள்.
விடியுமுன் முந்நூறு மரம் வெட்டுவான்.
அவன் நெற்றி லைட் மரம் மரமாகத் தாவுவதைப்
பேச்சிப்பாறை பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்திருக்கிறேன்.
உள்தடியில் காயம் படாமல்
ஒரு நாணயத்தின் கனத்துக்குப் பட்டை சீவுகிற கை.

தோள்வலிக்கு மாத்திரை என்றான் ஒருநாள்.
பின்னே உறக்கத்துக்கு.
பின்னே, மாத்திரை போடாததால் வருகிற வலிக்கு
அதே மாத்திரை.
இப்போ ஊசியாம் என்றார்கள் டீக்கடையில்,
பழம்பொரியைப் பிய்த்துக்கொண்டே.
பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்தான்.

கட்டிகளுக்குள் மண் வந்தது.
பிறகு கல்.
பிறகு ஒருநாள்
சிரட்டையோடு பிடுங்கிய பால், கட்டுக்கம்பி தொங்கத் தொங்க.
கிலோ எழுபத்தெட்டு நடந்த வாரம்
அவனுக்கு நாற்பது போட்டேன்.
மூக்கு ஒழுகியது அவனுக்கு.
கொட்டாவி விட்டபடி
நோட்டை எண்ணாமல் மடித்தான்.
பேரம் பேச நேரமில்லாதவனை எனக்கு
இருபது வருஷமாகத் தெரியும்.
முன்பு சாராயம், இடையில் லாட்டரி.

கடைசியாகக் கொண்டுவந்தது கத்தி.
பிடியில் அவன் பெருவிரல் தேய்த்த குழி.
"அண்ணோ, எவ்வளவு தருவீரு?"
எண்பது.

ஆசாரிபள்ளத்தில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.
குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடி
நர்ஸுக்கு அரை மணிக்கூர் ஆனதாம்,
கடைசியில் காலில் கிடைத்ததாம்.
வெட்டின பட்டை மறுபடி தடிக்க
மரத்துக்கு ஆறேழு வருஷம் விடுவோம் நாங்கள்.

அவன் அம்மா நேசபாய் வந்தாள்.
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு,
"அவனுக்க கத்தி இஞ்ச இருக்கோ?"
திட்டவில்லை. திட்டியிருந்தால்
பதில் வைத்திருந்தேன்:
நான் வாங்காவிட்டால் திருவட்டாறு,
அதுவும் இல்லையென்றால் அருமனை.
"பேசுகான் இல்ல. கண்ண மூடிக்கிட்டு
கைய மட்டும் இப்பிடி, இப்பிடி இழுக்கான்.
மரம் வெட்டுகது போல.
ஆஸ்பத்திரியில கத்தி விடமாட்டினும்.
வரும்போ வீட்டுல இருக்கட்டு.
எவ்வளவு தரணும்?"

எண்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
நூற்றைம்பது என்றது வாய்.

வேதப்புத்தக உறையின் ஜிப்பைத் திறந்து
எண்ணி வைத்தாள்.

அந்தப் பணம் மேஜை அறையில் தனியாகக் கிடக்கிறது.
திருப்பிக் கொடுக்க ரெண்டு தடவை
அவள் வீட்டு இறக்கம் வரை போனேன்.
ரெண்டு தடவையும் பைக் தானாகத் திரும்பியது
என்று சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலை ஆறு மணிக்கு வேறொரு பையன்.
மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை.
சாக்கிலிருந்து சொட்டுகிறது.
முழுக்கைச் சட்டை.
சாக்கை இறக்கி, என் முகத்தைப் பார்க்காமல்
தராசைப் பார்க்கிறான்.

நானும்
தராசைப் பார்க்கிறேன்.