எருமைநாக்கு

செயின்ட் பால் தீவின் இறங்குதுறையில்
ஜூலைக்கு நிறம் கிடையாது.
மூடுபனி வந்தால் வந்ததுதான்,
போகும் தேதி சொல்லாது.
பாறைக்கு அப்பால் சீல்கள் இருமுகின்றன.
ரப்பர் அங்கியில் நிற்கிறேன்:
ஒரு கத்தி, ஒரு இடுக்கி, நனைந்தாலும் எழுதும் நோட்டு.
மீன்களின் வயதைக் கேட்பது எனக்குச் சம்பளம்.

ஹாலிபட் பிறக்கும்போது
எல்லா மீனையும் போல ஒரு மீன்.
குளிர்காலத்தில், இருநூறு பாகத்துக்கும் கீழே,
இருட்டில் பொரிந்து
நிமிர்ந்து நீந்தும். பக்கத்துக்கு ஒரு கண்.
பிறகு என்ன தோன்றுமோ,
இடது கண் புறப்படும்.
நெற்றிமேடு ஏறி, மறுபுறம் இறங்கி
வலது கண்ணின் அடுத்த வீட்டில் குடியேறும்.
மண்டையோடு அதற்கு வழிவிட்டு முறுகும்.
வாய் மட்டும் நகராமல்
பாதிப் பேச்சில் நிறுத்தியதுபோலக் கோணி நிற்கும்.
அன்றிலிருந்து படுத்தே வாழ்க்கை.
மேலே சேற்றின் நிறம்,
கீழே யாரும் பார்க்காத வெள்ளை.

ஆண் சிறுத்து நின்றுவிடும்.
பெண்தான்
தட்டாகி, மேசையாகி, கதவாகி
வளர்ந்துகொண்டே போவாள்.

தெரென்டியிடமும் ஒரு கதவு இருந்தது.
ஆறு கோடைக்கு முன்
படகின் விளிம்புவரை வந்து அறுத்துக்கொண்டு போனது.
அன்று மாலை அது நூற்றிருபது பவுண்டு.
பனிக்காலத்தில் இருநூறு.
ஈஸ்டர் விருந்தில் இருநூற்றைம்பது,
தங்கை மகள் கல்யாணத்தன்று முந்நூறு.
கடலில் எந்த மீனும்
இவ்வளவு சீக்கிரம் வளர்வதில்லை.

இன்று ஃபெவ்ரோனியா
ஐம்பத்தைந்து பாகத்தில் போட்ட ஆயிரங்கால் தூண்டிலை இழுத்தாள்.
பேய்க்கணவாய் இரை.
காட் மீன், காட் மீன், வெறும் முள், காட் மீன்,
பிறகு கயிறு கனத்தது.
மக்கார் கொக்கி போட, அவள் தடியால் இருமுறை அடித்து,
செவுளை அறுத்து,
துடிப்பில் யார் காலும் முறியாதிருக்க
வாலை வளைத்துக் கட்டினாள்.
கட்டியபின் ஒரு நிமிடம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாளாம்.
டீசல் கடன் என் கீழே மூச்சுவிட்டது என்றாள்.

தராசு: நூற்று நாற்பத்து மூன்று.

தாடைக்குள் இன்னொரு முள் இருந்தது,
துருவேறி, சதை மூடி,
இடதுகைக்காரன் போட்ட சிவப்பு நூல் முடிச்சோடு.
இந்தத் துறையில் இடதுகை ஒருவனுக்குத்தான்.

ஆள் அனுப்பாமலே வந்தான் தெரென்டி.
குனிந்து பார்த்தான். நேரமெடுத்துப் பார்த்தான்.
"முள் என்னுடையது. மீன் வேறு.
என் மீனின் வாயிலிருந்து
இது பிடுங்கிக்கொண்டிருக்கும்."
யாரும் சிரிக்கவில்லை.
ஃபெவ்ரோனியா கத்தியைக் கழுவினாள்,
சுத்தமாக இருந்த கத்தியை.
"இருக்கலாம்," என்றாள். "பசியில் எல்லாம் செய்யும்."

குருட்டுப் பக்கத்துக் காதுக்கல்லைத்தான் எடுப்போம்.
தலையைத் திருப்பி, வெள்ளையில் கீறி, இடுக்கியை விட்டேன்.
நகத்தளவு கல்.
உடைத்துச் சுட்டால் வருஷத்துக்கு ஒரு வளையம் தெரியும்.
வளையத்தைப் பின்னோக்கி எண்ணினால்
ஆறு கோடைக்கு முன் அவள் எவ்வளவு இருந்தாள் என்று
சுமாராகச் சொல்லிவிடலாம்.
நூறுகூட இருந்திருக்க மாட்டாள்.

எல்லோரும் காபிக்குப் போனபின் தெரென்டி கேட்டான்,
மீனைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல்:
"அந்தக் கல்... எடையும் சொல்லுமா?"

என் மொழியில் இதன் தூரத்துச் சொந்தம் ஒன்றுக்கு
எருமைநாக்கு என்று பெயர்.
நாக்கில் வளர்ந்ததை
நான் எந்தத் தராசில் வைப்பேன்.

"வயது மட்டும்தான்," என்றேன்.

தலையாட்டினான். முள்ளைச் சட்டைப்பையில் போட்டு,
கொஞ்சதூரம் போய்
குத்தியிருக்க வேண்டும், நின்று
விரலை வாயில் வைத்துக்கொண்டான்.