இரண்டு வீடு முன்னாலேயே

நாலாயிரம் மீட்டர். அதிலிருந்து
ஒரு சாண் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.
நிஸ்தார் ஓட்டுகிறான், மஹபூப்பாளையத்தில்
அவன் அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில்.
நான் எல்லீஸ் நகரில் என் அறையில்
கண்ணாடி மூக்குக்குள் குப்புறப் படுத்தவனாய்
குறிநோக்கியில் கண்ணைப் பதித்திருக்கிறேன்.
நடுவில் நாலைந்து தெருவும் ஒரு ஹெட்போனும்.

"கொஞ்சம் இடக்கே… இன்னும்… போதும். நேராப் பிடி."
"பிடிச்சுத்தான்டா இருக்கேன். சீக்கிரம் முடி, கீழேருந்து சுடுறான்."

சுடத்தான் செய்வான்.
கறுப்புக் கறுப்பாய் வெடித்து
வானமெல்லாம் மை கொட்டுகிறது.
வளைந்து தப்பலாம். வளைந்தால் போட்ட கணக்குப் போச்சு.
இந்த வித்தையில் வீரம் என்பது
ஒரு நிமிடம் அசையாமல் இருப்பது, அவ்வளவுதான்.

முதல் மாதம் முழுக்க ஆற்றைத்தான் தகர்த்தோம்.
வயிற்றுக் கதவைத் திறந்ததும்
விமானத்துக்கு மூச்சிரைக்கும், வேகம் பத்துப் பன்னிரண்டு குறையும்.
அது தெரியாமல் பழைய எண்ணையே
குறிநோக்கிக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.
எல்லாக் குண்டும் பாலத்துக்கு முன்னாலேயே தண்ணீரில்.
"ஆத்துல தண்ணி இருக்கே, அதைப் பாரு முதல்ல"
என்பான் நிஸ்தார்,
வைகையைத் தினமும் கடக்கிறவன்.

இலக்கின் தலைக்கு மேலே வந்து போட்டால்
இலக்கைத் தாண்டி விழும்.
இதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.
ஏழு வருஷமாய் விடிகாலையில்
நூற்றிப்பத்து வீட்டுக்குப் பேப்பர் போடுகிறேன்.
எக்ஸெல்லை நிறுத்தி நிறுத்திப் போட்டால் கட்டுப்படியாகாது.
முப்பதில் போய்க்கொண்டே
இரண்டு வீடு முன்னாலேயே கையை விட்டுவிட வேண்டும்.
வண்டியின் வேகத்தைக் கடன் வாங்கிக்கொண்டு
பேப்பர் தானாய்ப் போய்ச் சேரும்.
ஆடி என்றால் ஒரு முழம் மேற்கே தள்ளி.
அம்மியே பறக்கும் காற்றில்
பன்னிரண்டு பக்கம் எம்மாத்திரம்?
விளையாட்டில் காற்றை எண்ணாகத் தந்துவிடுகிறார்கள்.
எனக்கு அதை
மாடிக் கொடியில் தொங்கும் நைட்டி சொல்லும்.

"கதவு?"
"திறந்தாச்சு."
"வேகம்?"
"முந்நூத்தி எட்டு."
"மாத்திட்டேன். மூச்சு விடாதே."

பல்லி சுவரேறுவது மாதிரி
பாலம் குறுக்குக்கோட்டை நோக்கி ஊர்ந்து வருகிறது.
போட்டேன்.

போட்டால் போய்விடும் என்று நினைத்திருந்தேன் ஆரம்பத்தில்.
போவதில்லை.
கைவிட்ட பிறகும் அது
நம் வேகத்திலேயே, ஏறக்குறைய நமக்கு நேர் கீழே
கூடவே வருகிறது.
அரை நிமிடம்.
அப்போது மட்டும் நிஸ்தார் பேசமாட்டான்.
நான் எண்ணுவேன். இருபத்தொன்று. இருபத்திரண்டு.

இருபத்தெட்டில் பாலம் நடுவில் முறிந்தது.
அவன் போட்ட கூச்சலில்
அவன் அம்மா எழுந்து திட்டுவது எனக்கும் கேட்டது.
பாலத்தில் யாருமில்லை.
அந்த விளையாட்டில் எந்தப் பாலத்திலும்
ஒரு மாட்டைக்கூட நிறுத்துவதில்லை.
கரையோர வீடுகளுக்கு ஜன்னல் வரைந்திருக்கிறார்கள்,
உள்பக்கம் கிடையாது.

நாலு மணிக்குக் கட்டைப் பிரித்தேன்.
முதல் பக்கத்தில் எங்கோ ஒரு தேசம், மேலிருந்து எடுத்த படம்:
தண்டவாளம், ஆறு, இப்போது இரண்டாய் இருக்கிற பாலம்.
நான் ராத்திரி பார்த்த அதே கோணம்.
படத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு மொட்டைமாடி,
துணிக்கொடி, மூன்று சட்டை.
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.
பழக்கதோஷம்.

அந்தப் படத்தைத்தான் உள்ளே மடித்து
நூற்றிப்பத்து சுருளாகச் சுருட்டினேன்.

எஃப் பிளாக், முதல் மாடி, டெல்பின் டீச்சர்.
இரண்டு வீடு முன்னாலேயே விட்டேன்.
வழக்கமாய்த் திரும்பிப் பார்ப்பதில்லை, இன்றைக்குப் பார்த்தேன்.
வண்டி போய்க்கொண்டிருக்கிறது, பேப்பரும் கூடவே.
பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர்
ஒரு கையை நீட்டி
விழுவதற்குள் அதைப் பிடித்துவிட்டார்.
நுரை வாயோடு ஏதோ சொன்னார்.
கேட்கவில்லை. அதற்குள்
அடுத்த கை விட வேண்டிய இடம் வந்துவிட்டது.