பதினேழாம் எண்

காலை பத்து ஐந்துக்குக் குளோரின் கசிந்தது,
காகிதத்தில்.
சைரன் மூன்று முறை ஊதியது.
குடிகாட்டில் யாரும் ஓடவில்லை.
டீக்கடைக்காரர் தம்ளரைக் கழுவியபடி சொன்னார்:
"நெசமா நாத்தம் வர்ற அன்னிக்கு
இது ஊதாது சார்."
அதை எழுத என் படிவத்தில் இடமில்லை.

நான் மதிப்பீட்டாளன்.
பச்சை மேல்சட்டை, அட்டைப் பலகை,
அதில் கயிறு கட்டிய பேனா.
யாருக்கும் உதவக் கூடாது. யாரோடும் பேசக் கூடாது.
செய்தி எங்கே எத்தனை மணிக்குப் புறப்பட்டது,
எங்கே எத்தனை மணிக்குச் சேர்ந்தது,
அவ்வளவுதான் என் வேலை.

பாதிக்கப்பட்டவர்கள் இருபது பேர்,
நூறு நாள் வேலையிலிருந்து கூட்டி வந்தது.
மணிக்கட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை.
கறுப்பு அட்டைக்கு எவரும் கை நீட்டவில்லை.
கடைசியில் அதை ஒரு மணல் மூட்டைக்குக் கட்டினார்கள்.

பதினேழாம் எண், சிவப்பு, அஞ்சலாட்சி.
மூச்சுத் திணற வேண்டும், வாய் திறக்கக் கூடாது
என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.
ஆனால் செவிலியர் அற்புதமேரி குனிந்து
"வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா" என்றதும்
திணறலை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:
"பென்சிலின் ஊசி எனக்கு ஆகாது.
சின்னவன் பொறந்தப்ப போட்டு
மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சு."

நாடகத்தில் இல்லாத வசனம்.
அற்புதமேரி புறங்கையில் எழுதிக்கொண்டார்.

பத்து முப்பத்தொன்று.
முதல் நடை கிளம்பும் தில்லைக்கோவிந்தனிடம்,
ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்தபடி:
அடுத்த நடைக்குப் பதினேழு, சிவப்பு, பென்சிலின் ஆகாது.

பத்து நாற்பத்தெட்டு.
கெடிலம் பாலத்து நெரிசலிலிருந்து
அவர் கட்டுப்பாட்டு அறைக்கு:
பதினேழு, சிவப்பு, ஊசி ஆகாது.

பத்து ஐம்பத்திரண்டு.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து தலைமை மருத்துவமனைக்கு:
சிவப்பு, பதினேழு பேர்.

மஞ்சக்குப்பத்தில் பதினேழு கட்டில் காலி செய்தார்கள்.
நிஜக் காய்ச்சல்காரர்கள் வராந்தாவுக்குப் போனார்கள்,
ஒருவர் தன் குளுக்கோஸ் பாட்டிலைத்
தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு.
முதல் நடையில் வந்தவர்கள் நான்கு பேர்.
ஐந்தாவதாக மணல் மூட்டை:
பெயர், எண், நிறம், இறங்கிய நேரம்
எதிலும் ஒரு பிழை கிடையாது.

செய்தி அனுப்பப்பட்டதா? ஆம்.
பெறப்பட்டதா? ஆம்.
அரை மணிக்குள்ளா? ஆம்.
ஆமுக்கு ஐந்து மதிப்பெண்.
எந்தச் செய்தி என்று
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.
நானும் ஐந்து, ஐந்து, ஐந்து என்று போட்டேன்.

பன்னிரண்டு பத்துக்கு
பயிற்சி இனிதே நிறைவு என்று
நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது.
கட்டைவிரல்கள், கைகூப்பல்கள், யாரோ ஒரு பூங்கொத்து.
பிறகு எலுமிச்சைச் சாதம்.

இரண்டு மணிக்கு
வண்டியை எடுக்கக் குடிகாட்டுக்குத் திரும்பினேன்.
வாதாம் மரத்து நிழல் எங்கோ நகர்ந்திருக்க
அது இருந்த இடத்தில்
முந்தானையால் முகத்தை மூடி
மல்லாந்து கிடந்தாள் அஞ்சலாட்சி.
இரண்டாம் நடை வரவேயில்லை.

"முடிஞ்சுதும்மா."

எழுந்து உட்கார்ந்து முதுகு மண்ணைத் தட்டினாள்.
"யாரும் சொல்லலியே."
கோபமில்லை; அரை நாள் கூலி
முழு நாளாகுமா என்ற கணக்கு மட்டும் முகத்தில்.
அப்புறம் ஞாபகம் வந்தவளாக,
"அந்த ஊசி சமாச்சாரம் போய்ச் சேந்துச்சா சார்?"

என் படிவத்தில் எல்லாம் சேர்ந்திருந்தது.
சேரல என்றேன்.

அவள் மணிக்கட்டைப் பல்லால் கடித்து
முடிச்சை அவிழ்த்தாள்.
சிவப்பு அட்டையைத் திருப்பி, வெறும் பக்கம் மேலே வர,
முழங்கால் மேல் வைத்து விரல்களால் நீவினாள்.
"இதுல எழுதிக் குடுங்க.
நானே வச்சிக்கிறேன்."

பேனாக் கயிறு குட்டை.
மண்டியிட்டுத்தான் எழுத முடிந்தது.