சாக்கட்டிக் கணக்கு

மூன்று தூக்கம் இருந்த காலத்தில்
தூக்கத்துக்கு ஒரு வேலை வைத்திருந்தேன்.
காலையில் வலது கை,
உச்சியில் இடது கை,
நாலு மணிக் குட்டித் தூக்கத்தில் கொக்கி.
விளக்குப் போடும் நேரம்
ஒரு ரவிக்கை முடிந்திருக்கும்,
ஜெனிட்டா விழித்திருப்பாள்.
நாயுடுபுரத்தில் சொன்ன தேதிக்குத் தருகிறவள்
நான் ஒருத்திதான் என்று
நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வெட்டுமேசை ஓரத்தில்
தையல் சாக்கட்டியால் எழுதியிருந்தது:
ஒன்பது. பன்னிரண்டரை. நாலு.

ஏழாம் மாதம் நாலு அழிந்தது.
அழித்தது அவள்.
நான் மேசையைத் துடைத்ததோடு சரி.
தொட்டிலில் போட்டால்
சேலை விளிம்பில் ஒரு பாதம் வரும்,
பிறகு இன்னொன்று,
பிறகு உள்ளேயிருந்து சிரிப்பு.
விடாமல் ஆட்டித் தூங்கவைத்த அன்று
இரவு பதினொன்றுக்குக் குல்லாய் மாட்டி
பெஞ்சமின் அவளைத் தோளில் போட்டு
தெருவில் நடந்தான்.
நாய்கள் நான்கும் கூட நடந்தன.
விடிந்தால் அவனுக்கு
தூண்பாறைக்கு சவாரி.

பிறகு ஒன்பதரை, இரண்டு.
இரண்டு நல்ல எண்.
இரண்டு கை, இரண்டு தூக்கம்,
கொக்கியை இரவுக்கு ஒதுக்கினேன்.
இதுதான் இனி என்று நினைத்தேன்.

பதினான்காம் மாதம்
ஒன்பதரை மெல்ல நகர்ந்தது
பத்துக்கு, பத்தே முக்காலுக்கு.
காலையில் தூங்கினால் மதியம் கிடையாது.
மதியம் கிடையாதென்றால் ஐந்து மணிக்கு
ஒரு மூட்டை உருளைக்கிழங்கைப்
படியில் உருட்டிவிட்டதுபோல் அழுகை.

சரி, பன்னிரண்டு வரை இழுப்போம் என்று
சிலிண்டர் லாரியைக் காட்டினேன்.
பேரிமரத்தில் குரங்கு, அதன் குட்டி,
குட்டி தூங்குகிறதே என்று
முகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.
வாளித் தண்ணீரில் கையைவிடச் சொன்னேன்,
விட்டாள், குளிரில் வீறிட்டாள், அதுவும் நல்லதுதான்.
பதினொன்றே காலுக்கு
பருப்புச்சோறு கன்னத்தில் ஒதுங்கியிருக்க
உட்கார்ந்தபடியே தலை சாய்ந்தது.
விரலைவிட்டு எடுத்தேன்.
உதடு மட்டும் கொஞ்சம் மென்றது.

'ஒரு மாசம் இப்படித்தாம்மா இழுக்கும்' என்றார்
ஊசி போடும் டெய்சி சிஸ்டர்.
'ஒருநாள் ஒண்ணு, ஒருநாள் ரெண்டு.
ராத்திரி ஏழுக்கே படுக்கப் போடு.
நீயும் படு.'

நான் எங்கே படுக்க.
ஒருநாள் பத்து என்று எழுதினேன்,
மறுநாள் பன்னிரண்டு,
எழுதி அழித்து எழுதி
மேசை ஓரம் முழுக்க வெள்ளைத் தேமல்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது,
அந்தக் காலைத் தூக்கத்துக்காக
நான்தான் அழுதேன், அவள் இல்லை.
அந்த முக்கால் மணியில்
ஒரு காபி சூடாக இருந்தது.
தையல் சக்கரத்தின் மேல்
விரல் அகலத்துக்கு வெயில் இருந்தது.
யாரும் என்னைக் கூப்பிடாத நேரம் அது.

செவ்வாய்க்கிழமை
பன்னிரண்டரைக்குப் பனி ஏறி வந்தது.
எதிர்வீட்டுத் தகரம் போயிற்று,
பேரிமரம் போயிற்று,
ஜன்னல் கம்பிகள் மட்டும் மிஞ்சின.
தொட்டில் கொள்ளாத உடம்பைப் பாயில் கிடத்தினேன்.
இருட்டியதை இரவென்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ,
ஒன்றரை. இன்னும் தூங்குகிறாள்.
ஒன்றே முக்கால்.
ஒரே தூக்கம், முழுசாக!
கிளாடிஸின் நிச்சயதார்த்த ரவிக்கை,
அரக்குப் பட்டு, மேசைமேல் விரித்திருந்தது.
இரண்டு கையையும் இன்றே ஏற்றிவிடலாம்.
கத்தரியை எடுத்தேன்.
கத்தரி ஜில்லென்றிருந்தது.
பட்டு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.
சும்மா ஒரு நிமிடம் கன்னத்தை வைத்தேன்.

கண் திறந்தபோது
மேசைக்கால் அருகே ஒரு ஸ்டூல்,
ஸ்டூல்மேல் ஜெனிட்டா,
எப்போது எழுந்தாள், எப்படி ஏறினாள்,
கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும்
அரக்கில் ஒரு வெள்ளைக் கோடு,
நடுவில் வளைந்து
என் மூக்கு இருந்த இடத்தைச் சுற்றிப் போயிருந்தது.

'அடியே' என்றேன். அவளும் 'தீயே' என்றாள்.

சாக்கட்டிதானே.
இரண்டு தட்டு தட்டினால் உதிர்ந்துவிடும்.
உதிர்ந்தது.
மேசை ஓரத்தில்
பன்னிரண்டரை என்று ஒன்றே ஒன்றை எழுதிவைக்கலாம் என்று
கையை நீட்டினேன்.

தரமாட்டேன் என்கிறாள்.