எர்த்

பெரம்பூர் மைதானத்துப் புல்வெட்டி டிராக்டர்
சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டிக்'.
அதற்குமேல் பேச்சில்லை.
பேட்டரி புதுசு, ரசீது என் சட்டைப்பையில்.
பைக் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரை முறுக்கி
ஃப்யூஸ், ரிலே, ஸ்டார்ட்டர் என்று
ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டேன்.
எல்லா இடத்திலும் கரண்ட் வந்து நிற்கிறது,
திரும்பிப் போகத்தான் வழியில்லை.

சேசிஸில் ஒயர் சேரும் போல்ட்டைத் தடவினேன்.
களிம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது.
பதினெட்டு வருஷம் மண்ணிலேயே உழன்ற வண்டிக்கு
எர்த் கிடைக்கவில்லை!
உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும்
உதறிக்கொண்டு எழுந்தது.
கோல்போஸ்ட் காகங்கள் இடம் மாறின.

வெட்டுத்தட்டு மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது.
லீவரை இழுத்தால் அரை ஜாண் ஏறி,
கூட்டத்தில் கை தூக்கிவிட்டு
யாரும் பார்க்காதபோது இறக்கிக்கொள்பவரைப் போல
மெல்ல மெல்லத் தரைக்கு வருகிறது.
சீலாக இருக்கலாம். புதுப்பேட்டையில்
இந்த மாடலைச் சொன்னால் சிரிப்பார்கள்.
எதற்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன்:
பால் தூக்கலாகப் போட்ட டீ.

"டிசம்பர்ல எதுவரைக்கும்ணே தண்ணி?"
வாட்ச்மேன் இருதயராஜ் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.
ஆயில் மூடி அதற்கு ஒரு விரல் கீழே.

ஐந்து மாசமாக யாரும் வடிக்கவில்லை.
வாளியை வைத்து நட்டைக் கழற்றினேன்.
முதலில் வந்தது ஆயில் இல்லை.
ஓட்டேரி நல்லாவின் அதே வாடை.
மே மாத வெயிலில், காய்ந்து வெடித்த தரையில்,
இருதயராஜ் சட்டென்று குனிந்து
செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டார்.