மூழ்காத கப்பலுக்கான தவணை

எனக்கு வேலை இருக்கிறது.
முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.
பெர்கன் துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடியில்
கடலில் விழுந்த கொள்கலன்களுக்கு
விலை எழுதும் வேலை.
பதினோரு வருடம். ஜன்னலோர மேசை.
என் முதுகின் வளைவை
நாற்காலி மனப்பாடம் செய்துவிட்டது.

இருந்தும் செவ்வாய்க்கிழமை இரவுகளில்
பாத்திரம் கழுவும் இயந்திரம் உறுமத் தொடங்கியதும்
மடிக்கணினியைத் திறந்து
ஊருக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டு வைக்கிறேன்.
ஓஸ்லோவில் பதவி உயர்ந்த ஒருவருக்கு வாழ்த்து.
ராட்டர்டாமில், ஒரே ஒரு மாநாட்டில்
எனக்குச் சர்க்கரை எடுத்துக் கொடுத்தவருக்கு
‘உங்கள் கட்டுரை சிந்திக்க வைத்தது.’
பாதிவரை படித்தேன்.
சரி, பாதியில் பாதி.

‘எதற்கு இதெல்லாம்?’ என்பான் ஸ்வெர்ரே,
சோபாவில் கால் நீட்டியபடி.
‘உன்னை யாரும் துரத்தவில்லையே.’
தாகம் எடுத்தபின் கிணறு வெட்ட முடியாது என்பேன்.
இந்த ஊரில் தண்ணீருக்கா பஞ்சம் என்று
ஜன்னலைக் காட்டுவான்.
மழை.
எப்போதும் மழை.

அவனுக்கு எப்படிப் புரியவைப்பது,
மூழ்காத கப்பலுக்குத்தான் தவணை கட்ட முடியும் என்று.
மூழ்கிய பிறகு ஓடிவருகிறவர்களைப்
பகலெல்லாம் பார்க்கிறவள் நான்:
விசாரிக்கிறேன், வருந்துகிறேன்,
தேதியைச் சரிபார்க்கிறேன்,
இல்லை என்று எழுதுகிறேன்.

போன மாதம் குட்வெய்கிடமிருந்து ஒரு வரி.
‘எப்படி இருக்கிறாய்? பேச நேரம் இருக்குமா?’

ஆறு வருடத்துக்கு முன் எதிர் மேசை.
அவள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு என்று
யாரோ எழுதியிருந்ததைப் பார்த்து
அழுகிற முகம் ஒன்றை அழுத்திவிட்டு
நகர்ந்தவள்தான் நான்.
ஆறு வருடமாக ஒரு கும்பிடு இல்லை,
ஒரு பிறந்தநாள் இல்லை,
இப்போது, இத்தனை பொருத்தமான வாரத்தில்.
தேதியைச் சரிபார்த்தேன்.
ஒன்பது நாள் பதில் போடவில்லை.

பத்தாம் நாள் இரவு, பதினொன்று நாற்பது.
‘மன்னிக்கவும், வேலைப் பளு’ என்று
எழுதி அழித்து எழுதிக்கொண்டிருந்தபோது
திரையோரம் ஒரு பச்சைப் புள்ளி.
எய்ஸ்தைன். என் மேலாளர்.
புதுப் புகைப்படம் போட்டிருந்தார்.
டை கட்டியிருந்தார்.
அலுவலகத்தில் அவர் டை கட்டி
ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

என் புள்ளியும் அவருக்குத் தெரிந்திருக்கும்.
ஒரே மதிலை இரவில் எட்டிப் பார்த்த இருவர்
ஒருவர் தலையை ஒருவர் கண்டுகொண்டோம்.
யார் முதலில் குனிவது?
நான் குனிந்தேன்.

காலையில் காப்பி இயந்திரத்தடியில்
‘மழை’ என்றார்.
‘ஆமாம், மழை’ என்றேன்.
கோப்பை நிரம்பி வழியும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று மதியமே குட்வெய்கைத் தொலைபேசியில் அழைத்தேன்.
இங்கே இப்போது இடம் ஏதும் இல்லை, ஆனால்,
என்று ஒத்திகை பார்த்த குரலில் தொடங்கியதும்
சிரித்துவிட்டாள்.
வேலை எப்போதோ கிடைத்துவிட்டதாம்,
ஸ்டாவாங்கரில். வீடு மாற்றுகிறாளாம்.
பழைய கோட்டின் உள்பையில்
உன் கையுறை இருந்தது, பழுப்பு நிறம், இடது கை,
அனுப்ப விலாசம் வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

‘வேலை யார் மூலமாக?’
வாய் கேட்டுவிட்டது.

‘விளம்பரம் பார்த்தேன்,
விண்ணப்பம் போட்டேன்’ என்றாள்,
மீன் வாங்கியதைச் சொல்வதுபோல.

கையுறை வந்து சேர்ந்தது.
கட்டைவிரலில் நான் போட்ட தையல் அப்படியே இருக்கிறது.
அதன் வலது ஜோடியை
எந்தக் குளிர்காலத்தில் எறிந்தேனோ.

இன்று செவ்வாய்.
இயந்திரம் உறுமுகிறது, ஸ்வெர்ரே தூங்கிவிட்டான்.
இடது கையில் அதை மாட்டிக்கொண்டு
வலது கையால் மட்டும்
ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன்,
போர்ட்டோவில் யாரோ ஒருவருக்கு,
பதினைந்தாண்டுப் பணி நிறைவுக்கு,
மனமார்ந்த