பாதி இறங்கிய கதவு

போன மாதம் வரை ஞாயிறென்றால்
ஆறு மணிக்கே இரும்புக் கதவை இழுத்துவிடுவோம்.
இப்போது பத்து.
லெபோ பாசார் முழுக்க இதே பேச்சு,
திறக்கலாமா கூடாதா என்று.
கூடுதல் மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி என்றார் முதலாளி.
ஞாயிற்றை வெள்ளிக்கு விற்கிற ஊர்,
கல்லாவில் இருந்த தவமலர் முணுமுணுத்தாள்.
சிரித்தேன்.
கையெழுத்தும் போட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு ஒருத்தி வந்தாள்,
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை அட்டை
கழுத்தில் தொங்க.
பதினேழு ரவிக்கைத் துணி பிரித்துப் போட்டேன்.
ஒன்றும் புடவையோடு சேரவில்லை.
"வாரத்துல இன்னிக்கு ஒருநாள்தான் லீவு,
அதுலயும் பாதி ஓவர்டைம்" என்றாள்,
மன்னிப்புக் கேட்பதுபோல.
என் செருப்பு வார் மாலையிலேயே இறுகியிருந்தது.
அதுக்கு நான் என்ன பண்ண,
தொண்டை வரை வந்ததைத்
துணியோடு சேர்த்து மடித்து வைத்தேன்.

பத்தேகாலுக்குத் தெருவில் இறங்கிய பிறகுதான்
முகிலனின் பள்ளிக் காலணி ஞாபகம் வந்தது.
கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது,
காலையில் சபைக்கூடல்.
ஓடினேன்.

ஆ செங் கடையில்
கதவு பாதி இறங்கியிருந்தது.
உள்ளே தரை கூட்டும் சத்தம்.
இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன,
சிலிப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு.

குனிந்து
அஞ்சே நிமிஷம் என்றேன், மலாயில்.

விளக்குமாறு நின்றது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு,
எத்தனாம் நம்பர்?